வரையறைப் பதிப்பு நூல்களும் அவற்றைச் சேகரிக்கும் முறையும்

ஒரு நூலை இத்தனை படிகள்தாம் அச்சிடுவோம் என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டு வெளியிடுவது வரையறைப் பதிப்பு எனப்படும். பேச்சு வழக்கில் இதனை 'லிமிடெட் எடிஷன்' என்பர். பெரிய வணிகப் பதிப்பகங்கள் இத்தகைய நூல்களை அரிதாகவே வெளியிடுகின்றன. ஒரு குறிப்பிட்ட துறையிலோ இலக்கிய வகையிலோ ஈடுபாடு கொண்ட சிறு பதிப்பகங்களே இவற்றை மிகுதியாக வெளியிட்டு வந்துள்ளன. இந்நூல்களைத் தேடி வாங்கிப் பாதுகாப்பதைப் பலர் வாழ்நாள் பணியாகவே செய்கின்றனர்.

இதனைச் செல்வர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உண்டு. தமிழ் நூல்களின் வரலாற்றைப் பார்த்தால் இதன் மற்றொரு முகம் தெரியும். படிகள் குறைவாக உள்ள நூல் அழியும் வாய்ப்பு மிகுதி. அதை ஒருவர் வாங்கி வைத்துக் காப்பதனால்தான் அது அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கிறது. வரையறைப் பதிப்பு என்றால் என்ன, அது எப்படித் தோன்றியது, தமிழில் அதன் வடிவங்கள் யாவை, மாணவர்கள் எவ்வாறு சேகரிக்கத் தொடங்கலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

படிகள் குறைவாக இருப்பதற்கான காரணங்கள்

ஒரு நூலின் படிகள் குறைவாக இருப்பதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

1. திட்டமிட்ட குறைவு. பதிப்பாளரே எண்ணிக்கையை வரையறுத்து, ஒவ்வொரு படியிலும் வரிசை எண் இடுகிறார். சிலவற்றில் ஆசிரியர் அல்லது ஓவியரின் கையொப்பமும் இருக்கும். தாள், எழுத்து, கட்டுமானம் ஆகியவற்றில் தனிக் கவனம் செலுத்தப்படும்.

2. இயலாமையால் குறைவு. பதிப்பாளரிடம் பணம் குறைவு, அல்லது வாங்குவோர் குறைவு. தமிழ் இலக்கிய நூல்கள் பலவற்றின் முதற்பதிப்பு நெடுங்காலம் 1000 அல்லது 1200 படிகளாகவே இருந்தது. இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்த பிறகு 200, 300 படிகளோடு நின்றுவிடும் நூல்களும் உள்ளன.

3. அழிவினால் குறைவு. அச்சிட்டபோது போதிய படிகள் இருந்தாலும் கரையான், ஈரம், தீ, அலட்சியம் ஆகியவற்றால் பெரும்பாலானவை மறைந்து சிலவே எஞ்சுகின்றன.

மேலைநாடுகளில் முதல் வகையே 'வரையறைப் பதிப்பு' என்னும் பெயரால் குறிக்கப்படுகிறது. தமிழில் இரண்டாம், மூன்றாம் வகைகளே மிகுதி. ஆகவே தமிழ் நூல் சேகரிப்பவர் வரிசை எண்ணை மட்டும் தேடினால் போதாது. எண் இடப்படாத, எளிய அட்டை போட்ட சிறு நூல் ஒன்று, எண்ணிட்ட ஆடம்பர நூலைவிட அரியதாக இருக்கக்கூடும்.

அச்சுக்கு முந்தைய காலத்திலும் இதே நிலைதான். ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. பிற நூல்களிலும் உரைகளிலும் எடுத்தாளப்பட்ட சில பாடல்களே நமக்கு எஞ்சியுள்ளன. ஓலைகளைப் படியெடுப்பார் குறைந்ததும், இருந்த படிகளைக் காப்பார் இல்லாமற் போனதும் அவற்றின் மறைவுக்கு வழி வகுத்தன. படி குறைந்த நூலுக்கு நேரக்கூடிய முடிவை இவ்விரு காப்பியங்களும் காட்டுகின்றன.

உலக அளவில் முன்னோடிகள்

நவீன காலச் சிறு அச்சகங்களுக்கு வழிகாட்டியாகக் கருதப்படுபவர் இங்கிலாந்தின் வில்லியம் மோரிஸ். இயந்திர அச்சினால் நூல்களின் அழகும் உழைப்பாளியின் கைத்திறனும் குன்றிவிட்டன என்று அவர் கருதினார். 1891இல் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கி, தாமே எழுத்துருக்களை வடிவமைத்து, கையால் செய்த தாளில், கை அச்சுப்பொறியில் நூல்களை அச்சிட்டார். 1896இல் வெளிவந்த சாசர் என்னும் ஆங்கிலக் கவிஞரின் தொகுப்பு அதன் தலைசிறந்த நூல். அது தாளில் 425 படிகளும் பதப்படுத்திய தோலில் 13 படிகளும் மட்டுமே அச்சிடப்பட்டது. அவ்வாண்டே மோரிஸ் மறைந்தார். 1898இல் அச்சகம் மூடப்பட்டது.

1917இல் லண்டனில் எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபும் அவர் கணவர் லெனார்ட் வுல்ஃபும் வீட்டிலேயே ஒரு சிறு கை அச்சுப்பொறியை வைத்து ஹோகார்த் அச்சகத்தைத் தொடங்கினர். முதல் வெளியீட்டில் இருவரும் எழுதிய ஒவ்வொரு கதை இருந்தது. அச்சிட்டவை ஏறத்தாழ 150 படிகள். பெரிய பதிப்பகங்கள் ஏற்கத் தயங்கும் புதிய எழுத்துக்கு இத்தகைய அச்சகங்கள் இடம் தந்தன.

அமெரிக்காவில் 1939இல் தோன்றிய ஆர்க்கம் ஹவுஸ் என்னும் சிறு பதிப்பகத்தின் கதை வேறு வகையானது. எச். பி. லவ்கிராஃப்ட் என்பவர் மலிவு விலை இதழ்களில் திகில் கதைகள் எழுதி 1937இல் மறைந்தவர். அவ்விதழ்களின் தாள் விரைவில் நொறுங்கும் தன்மையுடையது. அவருடைய நண்பர்கள் இருவர் கதைகளைத் திரட்டி நூலாக்குவதற்கென்றே இப்பதிப்பகத்தை உருவாக்கினர். முதல் நூல் 1268 படிகள் அச்சிடப்பட்டது. அவை விற்பதற்கே பல ஆண்டுகள் ஆயின. இன்று லவ்கிராஃப்ட் உலகெங்கும் படிக்கப்படுவதில் அந்தப் படிகளுக்குப் பங்குண்டு.

ஆனந்த குமாரசுவாமியும் மோரிசின் அச்சுப்பொறியும்

மோரிசின் அச்சுப்பொறிக்கும் தமிழ் உலகுக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. அதைப் பலர் அறிவதில்லை.

கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை ஈழத்தமிழரான சர் முத்து குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயர். நிலவியல் படித்த அவர் இலங்கையின் கனிம ஆய்வுப் பணிக்காக ஊர் ஊராகச் சென்றபோது, கண்டிப் பகுதியின் கைவினைஞர்களையும் அவர்களுடைய தொழில்கள் நலிந்துவருவதையும் நேரில் கண்டார். அவற்றைப் பதிவு செய்து 'இடைக்காலச் சிங்களக் கலை' என்று பொருள்படும் பெருநூலை ஆங்கிலத்தில் எழுதினார்.

அந்நூலை அச்சிடுவதற்கு அவர் தேர்ந்துகொண்ட வழி குறிப்பிடத்தக்கது. கெல்ம்ஸ்காட் அச்சகம் மூடப்பட்டபின், மோரிசின் அச்சுப்பொறி எஸ்ஸெக்ஸ் ஹவுஸ் அச்சகத்துக்கு வந்திருந்தது. அதனைக் கொண்டு, இங்கிலாந்தில் பிராட் கேம்டன் என்னும் சிற்றூரிலிருந்த தம் இல்லத்திலேயே தம் மேற்பார்வையில் நூலை அச்சிடச் செய்தார். 1907 செப்டம்பரில் தொடங்கிய அச்சு வேலை ஏறத்தாழ பதினைந்து மாதங்கள் நடந்தது. அச்சிட்டவை 425 படிகள். சாசர் நூலின் தாள் படிகளும் அதே எண்ணிக்கை, அச்சிட்டதும் அதே பொறி.

கையால் செய்யும் தொழில்களைப் பற்றிய நூலைக் கையாலேயே அச்சிட வேண்டும் என்பது அவருடைய கொள்கையோடு பொருந்தி நின்றது. நூலின் பொருளுக்கும் அது செய்யப்பட்ட விதத்துக்கும் இடையே உள்ள இத்தகைய பொருத்தமே நல்ல வரையறைப் பதிப்பின் இலக்கணம் எனலாம். பொருத்தம் இல்லாமல் தங்க முலாமும் வரிசை எண்ணும் மட்டும் சேர்த்தால், அது விலையை உயர்த்தும் உத்தியாக நின்றுவிடும்.

தமிழில் சிறு பதிப்பு முயற்சிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் நூல்களை அச்சிடக் கையொப்ப முறை கைகொடுத்தது. நூல் வெளிவருமுன்பே வாங்குவதாக ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர்களிடம் பொருள் பெற்று, அதைக் கொண்டு அச்சுச் செலவைச் சமாளிப்பர். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும் கையொப்பக்காரர்களின் உதவியை நாடினார். இக்காலச் சிறு பதிப்பகங்கள் செய்யும் 'முன்வெளியீட்டுத் திட்டம்' இதன் தொடர்ச்சியே. சி. வை. தாமோதரம் பிள்ளை, உ. வே. சா. போன்றோரின் முதற்பதிப்புகள் இன்று அரிய பொருள்கள்.

இருபதாம் நூற்றாண்டில் சிற்றிதழ்களும் அவற்றைச் சார்ந்த பதிப்பகங்களும் இப்பணியைத் தொடர்ந்தன. சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். 2000 படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அவ்விதழ் அறிவித்தது. தமிழில் எண்ணிக்கையை வெளிப்படையாக வரையறுத்த முயற்சிகளுள் இது முக்கியமானது. 1970 வரை 119 இதழ்கள் வந்தன. 'எழுத்து பிரசுரம்' வெளியிட்ட 'புதுக்குரல்கள்' (1962) புதுக்கவிதையின் முதல் தொகுப்பாகப் போற்றப்படுகிறது. செல்லப்பா தம் வெளியீடுகளைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். அவர் கையால் விற்கப்பட்ட ஒரு படி இன்று கிடைத்தால், சேகரிப்பவருக்கு அதில் ஒரு காலமே அடங்கியிருக்கும்.

1960களின் நடுவில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி 'வாசகர் வட்டம்' என்னும் அமைப்பை நடத்தினார். இவர் விடுதலைப் போராட்ட வீரர் தீரர் சத்தியமூர்த்தியின் மகள். உறுப்பினராகச் சேர்ந்தோருக்கு நூல்கள் சலுகை விலையில் கிடைத்தன. நல்ல தாள், கெட்டி அட்டை, பிழையற்ற அச்சு என்று வாசகர் வட்ட நூல்கள் தனித்து நின்றன. தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' (1966), அவரும் சிட்டியும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' (1971) ஆகியவை இதன் வெளியீடுகள். அவற்றின் முதற்பதிப்புகளை இன்றும் பழைய புத்தகக் கடைகளில் தேடுவோர் உளர்.

1974இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய 'க்ரியா' நூல் வடிவமைப்பிலும் பிரதியைச் செம்மைப்படுத்துவதிலும் புதிய தரத்தை ஏற்படுத்தியது. ஒரு நூலுக்காக ஆண்டுக்கணக்கில் உழைக்கும் பழக்கம் அங்கு இருந்தது. இவை எதுவும் 'வரையறைப் பதிப்பு' என்று அட்டையில் அச்சிட்டுக்கொள்ளவில்லை. ஆயினும் குறைந்த படிகள், குறிப்பிட்ட வாசகர் வட்டம், செய்நேர்த்தி ஆகிய மூன்று இயல்புகளும் இவற்றில் உண்டு.

காஞ்சிபுரத்தின் கிரந்தமாலா

கோயிலுக்கும் பட்டுக்கும் பெயர் பெற்ற காஞ்சிபுரம், சிறப்புத் துறைப் பதிப்பகம் ஒன்றுக்கும் உரிய ஊர். சின்னக் காஞ்சிபுரத்தில் வரதராசப் பெருமாள் கோயிலைச் சார்ந்து வாழ்ந்த பேரறிஞர் பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியர் (1891–1983) 'கிரந்தமாலா' என்ற பெயரில் வைணவ நூல்களைத் தொடர்ந்து வெளியிட்டார். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்துக்கு அவர் எழுதிய 'திவ்யார்த்த தீபிகை' உரை புகழ்பெற்றது. இராமானுசரின் வடமொழி நூல்களை ஒரே தொகுதியாக்கி 1956இல் வெளியிட்ட பதிப்பை உலகின் பல பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகின்றனர்.

பெரிய முதலீடும் விளம்பரமும் இல்லாமல், ஒரு துறையை முழுமையாக அறிந்த ஒருவர் தம் ஊரில் இருந்தபடியே என்ன செய்ய முடியும் என்பதற்குக் கிரந்தமாலா ஒரு சான்று. இத்தகைய வெளியீடுகள் அதே துறையினரிடையே பரவி, பல வீடுகளின் அலமாரிகளில் தங்கிவிடுகின்றன. அவ்வீட்டின் அடுத்த தலைமுறைக்கு அந்த எழுத்தோ மொழியோ தெரியாவிட்டால் அவை பழைய பேப்பர் கடைக்குப் போய்ச் சேரும்.

இதே ஊரிலிருந்துதான் அறிஞர் அண்ணா 1942இல் 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார். கொள்கையில் இரண்டும் எதிர் எதிர்த் திசைகள். ஆயினும் ஊரின் வரலாற்றை எழுத முற்படுபவருக்கு இரண்டும் வேண்டும். சேகரிப்பவர் தமக்குப் பிடித்தவற்றை மட்டும் காத்து, மற்றவற்றை எடைக்குப் போட்டால் வரலாற்றில் பாதி போய்விடும்.

கைத்தறித் துணியும் பட்டுத்திரையும்

நூலுக்கும் நெசவுக்கும் பெயரிலேயே உறவு உண்டு. தமிழில் புத்தகத்துக்கும் நெசவுக்குரிய இழைக்கும் 'நூல்' என்றே பெயர். இந்தியாவின் இரு பதிப்பகங்கள் இவ்வுறவைத் தொழிலிலும் காட்டியுள்ளன.

கொல்கத்தாவில் பேராசிரியர் பி. லால் 1958இல் தொடங்கிய 'ரைட்டர்ஸ் ஒர்க்‌ஷாப்' இந்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதிய கவிதைகளையும் கதைகளையும் சிறு எண்ணிக்கையில் வெளியிட்டது. அதன் நூல்களுக்குக் கைத்தறிச் சேலைத் துணியால் அட்டை கட்டப்பட்டது. அட்டைத் தலைப்புகளை லாலே தம் கையால் அழகெழுத்தில் எழுதினார். விக்ரம் சேத்தின் முதல் கவிதை நூல் இங்குதான் வெளியானது. அன்று யாரும் அறியாத கவிஞரின் மெல்லிய நூல், அவர் புகழ்பெற்ற பின்பு சேகரிப்பவர்கள் தேடும் பொருளாயிற்று.

சென்னையில் கீதா வுல்ஃப் 1990களின் நடுவில் தொடங்கிய 'தாரா புக்ஸ்' கையால் நூல் செய்யும் முறைக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. பருத்தித் துணிக் கழிவிலிருந்து கையால் செய்த தாளில், திரை அச்சு முறையில் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு நிறமாகக் கையால் அச்சிடப்படுகிறது. பின்னர் கையாலேயே தைத்துக் கட்டி, ஒவ்வொரு படிக்கும் எண் இடுகின்றனர். திரை அச்சுக்குச் சட்டத்தில் இழுத்துக் கட்டும் வலைத்துணி முற்காலத்தில் பட்டாக இருந்ததனால் அதற்குப் பட்டுத்திரை அச்சு என்றும் பெயர். மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேதி ஆகிய மூவரும் வரைந்த, மரங்களின் இரவு வாழ்வைச் சொல்லும் நூல் கறுப்புத் தாளில் அச்சிடப்பட்டது. 2008இல் இத்தாலியின் போலோனியா குழந்தை நூல் கண்காட்சியில் அதற்கு விருது கிடைத்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தாராவின் அந்நூல் பலமுறை மறுபதிப்பு கண்டுள்ளது. ஒவ்வொரு பதிப்பிலும் படிகளுக்கு எண் உண்டு. எனவே நூல் அரியதன்று. அதன் முதற்பதிப்புப் படியே அரியது. எண்ணைக் கண்டவுடன் அரிய நூல் என்று முடிவு செய்யாமல், எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சேகரித்துக் காத்தவர்கள்

தமிழ் நூல்களைக் காத்த பெருமையில் தனி மனிதர்களுக்கே பெரும்பங்கு உண்டு.

- மறைமலை அடிகள் (1876–1950): தம் வாழ்நாளில் திரட்டிய ஏறத்தாழ நாலாயிரம் நூல்கள், அவர் மறைவுக்குப்பின் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் முயற்சியால் 1958இல் சென்னையில் மறைமலையடிகள் நூல்நிலையமாயின.

- ரோஜா முத்தையா (மறைவு 1992): காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரைச் சேர்ந்தவர், ஓவியத் தொழில் செய்தவர். நூல்களோடு இதழ்கள், நாடக அறிவிப்புகள், பாட்டுப் புத்தகங்கள் என்று மற்றவர்கள் குப்பையாகக் கருதியவற்றையும் சேர்த்தார். அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரிப்பை வாங்கி, அதனைத் தமிழ்நாட்டிலேயே வைத்துக் காக்க வழி செய்தது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று.

- ஞானாலயா, புதுக்கோட்டை: பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் தங்கள் ஊதியத்திலிருந்து செலவிட்டு உருவாக்கிய தனியார் ஆய்வு நூலகம். முதற்பதிப்புகளுக்குப் பெயர் பெற்றது.

இவர்களுள் எவரும் விலை ஏறும் என்று எதிர்பார்த்து நூல்களை வாங்கவில்லை. எந்தப் பெரிய நிறுவனமும் செய்யாத வேலையைத் தனி ஒருவர் ஆர்வம் செய்து முடித்திருக்கிறது.

காப்பார் இருந்தும் இழந்த கதைகளும் உண்டு. 1981 மே 31 நள்ளிரவையொட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. 1985இல் சென்னை மூர் மார்க்கெட் தீக்கிரையானபோது, பழைய புத்தகம் தேடுவோரின் பெருஞ்சந்தை ஒன்று மறைந்தது. ஒரே இடத்தில் ஒரே படி இருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை இவை உணர்த்துகின்றன.

நூலை ஆராயும் முறை

பட்டுச் சேலை வாங்கும்போது விவரம் தெரிந்தவர்கள் சேலையைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்ப்பார்கள். கரையும் உடலும் கோர்வையாக நெய்யப்பட்டனவா என்பது அங்கே தெரியும். நூலிலும் முகப்பைவிட உட்பகுதியே உண்மையைச் சொல்லும். பின்வருவனவற்றைக் கவனிக்கலாம்.

1. பதிப்பு விவரப் பக்கம்: தலைப்புப் பக்கத்தின் பின்புறம் முதற்பதிப்பு ஆண்டு, மறுபதிப்பு ஆண்டு, அச்சகத்தின் பெயர், விலை ஆகியவை இருக்கும். 'முதற்பதிப்பு 1966' என்ற வரியை மட்டும் படித்துவிட்டு நிறுத்தக்கூடாது. கீழே 'மூன்றாம் பதிப்பு' என்ற வரியும் இருக்கலாம்.

2. எண்ணும் கையொப்பமும்: '37/250' என்றிருந்தால் அச்சிட்ட 250 படிகளில் இது 37ஆம் படி என்று பொருள். எண் கையால் எழுதப்பட்டதா, அச்சிடப்பட்டதா என்று பார்க்க வேண்டும். கையொப்பமும் அவ்வாறே.

3. அச்சு முறை: ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட பழைய நூலில் எழுத்து தாளில் சற்று அழுந்தியிருக்கும். பக்கத்தின் பின்புறத்தை விரலால் மெல்லத் தடவினால் உணரலாம். ஆஃப்செட் அச்சில் இந்த அழுத்தம் இராது.

4. கட்டுமானம்: ஃபாரங்களாக மடித்துத் தைத்த நூல் நன்றாக விரியும், நீண்ட நாள் உழைக்கும். பசையால் மட்டும் ஒட்டிய நூலில் ஏடுகள் உதிரும்.

5. முழுமை: படங்கள், பிழைதிருத்தப் பட்டியல், மேலுறை ஆகியவை உள்ளனவா என்று சரிபார்க்க வேண்டும். பழைய மேலுறையைக் கிழிந்தது என்று எறிந்துவிடலாகாது.

6. முந்தைய உரிமையாளரின் குறிப்புகள்: பெயர், முத்திரை, ஓரக்குறிப்பு முதலியவை நூலின் பயணத்தைச் சொல்பவை. அவற்றை அழிக்க வேண்டாம். ஆனால் ஒரு நூலகத்தின் முத்திரை இருந்து, 'நீக்கப்பட்டது' என்ற குறிப்பு இல்லையெனில் அந்நூலை வாங்காமல் இருப்பதே முறை. பொதுச் சொத்தைத் தனிச் சொத்தாக்குவது சேகரிப்பாகாது.

பாதுகாக்கும் முறை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழால் செய்த தாளே மிகுதியாகப் பயன்பட்டது. அதிலுள்ள அமிலத்தன்மை தாளைப் பழுப்பாக்கி, நாளடைவில் அப்பளம்போல் நொறுங்கச் செய்யும். இக்காரணத்தால் 1950ஆம் ஆண்டின் நூல் 1850ஆம் ஆண்டின் நூலைவிட மோசமாக இருப்பதைக் காணலாம். வெப்பமும் ஈரமும் இவ்வழிவை விரைவுபடுத்தும்.

- அலமாரியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் சுவரின் ஈரம் நூலுக்கு ஏறும். கரையானும் அவ்வழியே வரும்.
- நேர் வெயிலில் நூலைக் காயவைக்கக்கூடாது. நிழலில் காற்றாட விரித்து வைக்கலாம்.
- இராமபாணம் எனப்படும் வெள்ளிப்பூச்சி பசையையும் மாவுப்பொருளையும் தின்னும். மாதம் ஒருமுறை நூல்களை எடுத்துத் தூசு தட்டிப் புரட்டுவதே சிறந்த தடுப்பு. சுவடிகளுக்கு முன்னோர் பயன்படுத்திய வசம்பையும் உலர்ந்த வேப்பிலையையும் துணியில் முடிந்து அலமாரியில் வைக்கலாம்.
- கிழிந்த பக்கத்தில் செலோடேப் ஒட்டக்கூடாது. சில ஆண்டுகளில் அது பழுப்புக் கறையாகி எழுத்தையும் கெடுக்கும்.
- பிளாஸ்டிக் உறைக்குள் இறுக மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும். பட்டுச் சேலையைப் பருத்தித் துணியில் சுற்றி வைப்பதுபோல நூலையும் வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி வைக்கலாம்.
- பெயரோ எண்ணோ எழுத வேண்டுமெனில் பென்சிலால் எழுதுக.

மாணவர்கள் தொடங்கும் வழி

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. முதலில் ஓர் எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்தாளர், ஒரு பதிப்பகம், ஒரு சிற்றிதழ், அல்லது தம் ஊர் என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஊரைத் தேர்வது எளிது, பயனும் மிகுதி. கோயில் தலபுராணம், பள்ளி ஆண்டு மலர், கூட்டுறவுச் சங்க வெள்ளிவிழா மலர், குடமுழுக்கு மலர், உள்ளூர்க் கவிஞரின் சொந்த வெளியீடு ஆகியவை சில நூறு படிகளே அச்சாகி ஊரைத் தாண்டாதவை. இவற்றைப் பெரிய நூலகங்களில் காண்பது அரிது.

1954ஆம் ஆண்டின் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். ஆனால் சொந்தச் செலவில் நூல் போடுவோர் பலர் இச்சட்டத்தை அறியார். எனவே உள்ளூர் வெளியீடுகள் அரசுப் பதிவிலும் இடம்பெறாமல் போகின்றன.

அடுத்து, ஒரு பதிவேடு வைத்துக்கொள்ள வேண்டும். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், அச்சகம், ஆண்டு, பதிப்பு, பக்கம், எங்கே யாரிடமிருந்து கிடைத்தது, நூலின் நிலை ஆகியவற்றை எழுத வேண்டும். பட்டியல் இல்லாத சேகரிப்பு, சேகரித்தவர் நினைவோடு மறைந்துவிடும்.

மூன்றாவது, பகிர்தல். இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்த படைப்புகளுக்குப் பதிப்புரிமை இல்லை. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்துகளையும் எவரும் வெளியிடலாம். இவற்றை மின்படியாக்கிப் பொதுவில் வைக்கலாம். 2005இல் தொடங்கப்பட்ட ஈழத்து 'நூலகம்' இணையத் திட்டம் தன்னார்வலர்களின் உழைப்பால் ஆயிரக்கணக்கான நூல்களையும் இதழ்களையும் இவ்வாறு காத்து வருகிறது. நூலகம் எரிந்த மண்ணைச் சேர்ந்தவர்கள் இப்பணியை முன்னெடுத்திருப்பதில் வியப்பில்லை. பதிப்புரிமை உள்ள நூல்களை உரியவரின் இசைவு பெற்றே மின்படியாக்க வேண்டும்.

முடிவுரை

மேலைநாட்டு வரையறைப் பதிப்பு அழகுக்காகத் தன் எண்ணிக்கையைத் தானே குறைத்துக்கொண்டது. தமிழ்ச் சிறு பதிப்பகத்தின் நூல் பெரும்பாலும் வறுமையால் எண்ணிக்கை குறைந்தது. இரண்டையும் காப்பது ஒரே வகைக் கைதான். தன்னிடம் இருக்கும் படி உலகில் எஞ்சியிருக்கும் கடைசிப் படியாக இருக்கலாம் என்ற எண்ணம் நல்ல சேகரிப்பாளருக்கு எப்போதும் இருக்கும். அந்த எண்ணம் உள்ளவர் நூலைப் பூட்டி வைப்பதோடு நில்லார். பட்டியலிடுவார், கேட்டவருக்குக் காட்டுவார், தமக்குப்பின் அது யாரிடம் சேர வேண்டும் என்பதையும் எழுதி வைப்பார். உங்கள் வீட்டுப் பரணில் பழைய புத்தகக் கட்டு ஏதேனும் இருந்தால், அதை எடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்து, தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள்.